அச்சில் இருந்த ஆறு மணி

கைக்கடிகாரத்தில் ஐந்து முப்பத்தெட்டு. ஆறு மணியாக இன்னும் இருபத்திரண்டு நிமிடம் இருந்தது. குளத்துப் படியில் குந்தியிருந்த சங்கவி, கண்ணாடிக் குப்பியை மடியில் நிறுத்தி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். இப்போதே தண்ணீருக்குள் முக்கி எடுத்துவிடலாம், யாரும் கேட்கப்போவதில்லை, இருபத்திரண்டு நிமிடத்தில் ஒரு குளத்துக்கு என்ன வந்துவிடப்போகிறது. ஆனாலும் அவள் எடுக்கவில்லை. சோதனை முடிவை எழுதுகிற தாளில் காலை ஆறு மணி என்று அச்சடித்திருந்தது. பதினாலு வாரமாக அப்படித்தான் அச்சடித்திருந்தது. இன்றைக்கு ஒரு நாளாவது ஆறு மணி என்றால் ஆறு மணியாக இருக்கட்டும். வானம் மூடிக் கிடந்தது, விடிந்துவிட்டதா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு நிறம். தண்ணீரும் அதே நிறம். அதன்மேல் அங்கங்கே சின்ன வட்டங்கள் எழும்புவதும் அழிவதுமாக இருந்தன. தூறல் என்றுதான் முதலில் நினைத்தாள். உள்ளங்கையை நீட்டிப் பார்த்தாள், நனையவில்லை. அதற்கப்புறம்தான் சத்தம் காதில் விழுந்தது. ப்ச். கொஞ்சம் தள்ளி இன்னொரு ப்ச். பாவம் பார்த்து யாரோ உச்சுக்கொட்டுவதைப் போல, ஒருவர் இல்லை, துக்க வீட்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கிற பெண்கள் எல்லோரும் மாறி மாறி உச்சுக்கொட்டுவதைப் போல. அது மழை இல்லை. வாய். மீன்களின் வாய். தண்ணீர்ப் பரப்பில் உதட்டை மட்டும் ஒட்டவைத்துக்கொண்டு, திறந்து மூடி, திறந்து மூடி.

பதினாலு வாரமாக இந்தக் குளத்தின் தண்ணீரைச் சோதித்து எழுதுகிறவள் அவள்தான், இந்தச் சத்தத்தை இன்றைக்குத்தான் கேட்கிறாள். கோயம்புத்தூருக்கு வெளியே, மலையைப் பார்த்த மாதிரி இருக்கிறது இந்த இடம். முதியோர் இல்லம் என்று சொல்லிவிடக்கூடாது, வாசல் பலகையில் மூத்தோர் குடியிருப்பு என்று போட்டிருக்கிறது. அறுபது வீடு, நடுவில் தோட்டம், தோட்டத்துக்கு நடுவே அல்லிக்குளம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற பெரியவர்கள் சாயங்காலம் சுற்றி உட்கார்ந்து மீனுக்குப் பொரி போடுவார்கள். அவள் வேலை பார்க்கிற நீர் ஆய்வகத்திலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் சோதனைக்குத் தண்ணீர் எடுக்க வருகிறாள். ஆய்வகத்து வேன் ஓட்டல்களையும் ஆலைகளையும் சுற்றிவிட்டு அவளை இங்கே இறக்கிவிடும்போது மணி இரண்டரை ஆகிவிடும். இரண்டு நாற்பதுக்குக் குப்பியை முக்குவாள். அந்த நேரத்தில் குளம் தகதகவென்று இருக்கும். பச்சைத் தண்ணீருக்கு மேல் சிவப்புத் தட்டான்கள் வாலை நனைத்து நனைத்துப் போகும், அல்லி இலையில் தவளை உட்கார்ந்திருக்கும், வேலிக்கம்பியில் மீன்கொத்தி. கரைந்த ஆக்சிஜன் ஒன்பதரை இருக்கும், மீனுக்கு ஐந்து இருந்தாலே தாராளம். ஒன்பது. கொஞ்சம் மூட்டமான நாளில் எட்டே முக்கால். அந்த எண்களில் ஒன்றுகூட அவள் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. சந்தேகம் வந்தால் இன்னொரு குப்பி எடுத்து மறுபடி பார்ப்பாள். கல்லூரியில்கூட அவள் நோட்டைத்தான் எல்லோரும் வாங்கிப் பார்த்து எழுதினார்கள். பொய்யாக எதையும் எழுதவில்லை. அவள் எழுதவில்லை. ஆறு மணி என்று அவள் எழுதவில்லை, அது ஏற்கெனவே அங்கே இருந்தது.

அது ஏற்கெனவே அங்கே இருந்தது என்பதிலேயே அவள் நினைப்பு மூன்று நாளாகச் சிக்கிக்கொண்டு கிடந்தது, முள்ளில் மாட்டிய துப்பட்டா மாதிரி, இழுத்தால் கிழியும், விட்டால் நகர முடியாது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள் கேட்டாள்தான். மேடம், இதுல காலை ஆறு மணின்னு போட்டிருக்குங்களே, நாங்க மத்தியானம்தானே எடுக்கறோம். ஆய்வகத்தை நடத்துகிற திலகவதி மேடம் கணினியிலிருந்து தலையை எடுக்காமலே, "அது பழைய ஃபார்ம்மா, நீ நம்பரை மட்டும் எழுது" என்றார். சரிங்க மேடம். அதோடு முடிந்தது. அடித்துவிட்டுப் பக்கத்தில் இரண்டு நாற்பது என்று எழுத ஒரு விநாடி ஆகாது. ஆனால் அச்சடித்ததை எப்படி அடிப்பது? பேனா மூடியைக் கழற்றிவிட்டு அந்தக் கட்டத்துக்கு மேலே கையை வைத்துக்கொண்டு ஒருநாள் நின்றிருக்கிறாள். முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்குவதற்காக அவளும் அப்பாவும் தாலுகா ஆபீசுக்கு ஐந்து தடவை நடந்தார்கள். நாலாவது தடவை, விண்ணப்பத்தில் ஒரு எழுத்தை அடித்து எழுதியிருந்ததற்காக அங்கிருந்தவர் தாளைத் தூக்கி மேஜைமேல் போட்டார். அடிச்சுத் திருத்துனதெல்லாம் செல்லாது, போய் வேற எழுதிட்டு வா. அப்பா அந்தத் தாளைக் குனிந்து எடுத்து, சட்டைப்பைக்குள் மடிப்புக் கலையாமல் வைத்துக்கொண்டு, வெளியே வந்து, "இனிமே அடிக்காம எழுது சாமி" என்றார். சிமெண்டு மூட்டை தூக்குகிறவர், படிக்கத் தெரியாதவர், பால் பாக்கெட்டில் அச்சாகியிருக்கிற தேதியைக்கூட அவளிடம் காட்டிச் சரிதானா என்று கேட்பவர். அச்சில் இருந்தால் அது யாரோ பெரியவர்கள் யோசித்துப் போட்டது. அதைத் தொடுவதற்கு நாம் யார்.

போன வியாழக்கிழமை காலை இருபத்தேழு மீன் செத்து மிதந்தது. மூன்று நாள் விடாத மூட்டத்துக்கு அப்புறம். வண்ணக் கெண்டைகள், வெள்ளையும் ஆரஞ்சுமாக, அமெரிக்காவில் இருக்கிற யாருடைய மகனோ வாங்கிக் கொடுத்தவை. அன்றைக்கு விடிகாலையில் தோட்டக்காரர் வெள்ளிங்கிரி வாளியிலிருந்து எதையோ குளத்துக்குள் ஊற்றிக்கொண்டிருந்ததை, நடைப்பயிற்சி போன ராமபத்ரன் சார் பார்த்திருக்கிறார். அதற்கு முந்தின வாரம்தான் குளத்தில் பாம்பு இருக்கிறது, ஏதாவது மருந்து வைத்து ஒழிக்கச் சொன்னார்கள் சிலர், அது தண்ணிப்பாம்புங்க, ஒண்ணும் பண்ணாதுங்க என்று வெள்ளிங்கிரி எதிர்த்துப் பேசியிருந்தார். எல்லாம் சேர்ந்துகொண்டது, அவர்தான் விஷம் ஊற்றிவிட்டார் என்றார்கள். வெள்ளிக்கிழமை விசாரித்தபோது, தண்ணீர் எடுக்க வந்த அவளையும் அலுவலக அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். மீனுக்கு மூச்சு முட்டுச்சுங்க, அதான் குளத்துத் தண்ணியவே மொண்டு மொண்டு மேல இருந்து ஊத்துனனுங்க என்றார் வெள்ளிங்கிரி. குளத்துத் தண்ணியை எடுத்துக் குளத்துக்கே ஊத்தறதுக்கு நீ என்ன பைத்தியமா என்றார் குடியிருப்புச் சங்கச் செயலாளர். அறையில் சிரிப்பு. அப்புறம் செயலாளர் கோப்பைத் திறந்து, கண்ணாடியை மூக்கில் இறக்கி, நிறுத்தி நிறுத்திப் படித்தார். புதன்கிழமை. காலை ஆறு மணி. கரைந்த ஆக்சிஜன் எட்டு புள்ளி ஆறு. மூச்சு முட்டற தண்ணியாய்யா இது? அவள் பக்கம் திரும்பினார். இது நீங்க எழுதினதுதானேம்மா?

ஆமாங் சார்.

அவள் குரல்தான். எட்டு புள்ளி ஆறு அவள் எழுதியதுதான், கையெழுத்து அவளுடையதுதான், கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லவில்லை. ஆனால் அது இல்லை இப்போது அவளைப் பிடித்து உலுக்குவது. அந்த ஆமாங்குக்கு அப்புறம் வெள்ளிங்கிரி அவளைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. குழம்பிப்போய், தன் கண்ணையே தான் நம்பலாமா என்று யோசிக்கிறவர் மாதிரி பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "அம்மிணி எழுதியிருந்தா செரியாத்தானுங்க இருக்கும்." திங்கட்கிழமை பத்து மணிக்குக் கூட்டம், அதில் வேலையை விட்டு அனுப்புவதா, போலீசில் எழுதிக் கொடுப்பதா என்று முடிவு செய்வோம் என்றார்கள். வேலை போனால் பின்பக்கம் அவரும் சம்சாரமும் இருக்கிற அறையும் போகும். திங்கட்கிழமை என்பது இன்றைக்குத்தான். கடிகாரத்தில் ஐந்து நாற்பத்தாறு.

ப்ச். ஐந்தடி தள்ளி தண்ணீர் கொஞ்சம் பெரிதாகப் புரண்டது, கறுத்த தலை ஒன்று வெளியே வந்து ஒரே ஒரு மடக்குக் காற்றை விழுங்கிவிட்டு நிதானமாக உள்ளே போனது. விரால். அதற்கு மட்டும் எந்த அவசரமும் இல்லை. செத்த மீன்களை வெள்ளிக்கிழமை மத்தியானம் வலையில் அள்ளிக் குவித்திருந்தார்கள், அந்தக் குவியலில் ஒரு விரால்கூட இல்லை என்பதை அவள் பார்த்தாள், பார்த்துக்கொண்டே நின்றாள். குளத்தில் விரால், செந்நிறக் குஞ்சுகளைக் கூட்டமாகக் கூட்டிக்கொண்டு அல்லித் தண்டுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. நத்தைகள் படியில் ஊர்ந்தன. தண்ணிப்பாம்பு தலையை நீட்டிக்கொண்டு குறுக்கே நீந்தியது. விஷம் என்றால் விராலையும் பாம்பையும் மட்டும் விட்டுவைக்குமா? தண்ணீரில் மூச்சு இல்லாமல் போனால்தான், மேலே வந்து காற்றைக் குடிக்கத் தெரிந்தது பிழைக்கும், தெரியாதது சாகும். பகலெல்லாம் பச்சைப் பாசி வெயிலில் மூச்சை விட்டுத் தண்ணீரை நிறைக்கும், ராத்திரியில் அதே பாசி அந்த மூச்சை இழுத்துக்கொள்ளும், விடிவதற்குச் சற்று முந்தித்தான் குளம் சாவுக்குப் பக்கத்தில் இருக்கும். பரீட்சையில் எழுதியிருக்கிறாள். படம் போட்டு, பாகம் குறித்து, பத்துக்கு ஒன்பது மதிப்பெண். எழுதியது அவளா, வேறு யாராவதா? தெரிந்ததைத் தெரியாததுபோல எத்தனை நாள் ஒருத்தியால் வைத்துக்கொள்ள முடியும். குளத்துக்கு நடுவே ஒரு நீரூற்று வேறு இருக்கிறது, அது ஓடினாலாவது தண்ணீருக்குக் கொஞ்சம் காற்று கலக்கும், ராத்திரி ஒன்பது மணிக்கு நிறுத்திவிடுகிறார்கள். தண்ணி விழற சத்தம் கேட்டா ராத்திரி எனக்கு நாலு தடவ எந்திரிக்க வேண்டியிருக்கு என்று முதல் வீட்டுப் பெரியவர் எழுதிக் கொடுத்தாராம். அதை அவளிடம் சொல்லிவிட்டு வெள்ளிங்கிரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்றைக்குத்தான் அவர் இதையும் சொன்னார், இரண்டு மாதத்துக்கு முன்பு, செம்பருத்தியை வெட்டிக்கொண்டே: "விடியால மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுதுங் அம்மிணி, என்னன்னு பாருங்." அதற்கு அவள் என்ன சொன்னாள்? பசிக்குதுங்ணா, அதான் அப்படிப் பண்ணுது. சொல்லிவிட்டுச் சிரித்தாள். படித்த பெண் சிரிக்கிற சிரிப்பு. அப்படிங்களா என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

பின்னால் இலை அசைந்தது. திடுக்கிட்டுத் திரும்பினாள். செம்பருத்தி வேலிக்கு அந்தப் பக்கம், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெள்ளிங்கிரி நின்றிருந்தார்.

"ஏனுங் அம்மிணி, இந்நேரத்துக்கா? பஸ்ஸே இல்லீங்களே."

"அப்பா வண்டில கொண்டாந்து உட்டாருங்ணா. வெளிய கேட்டுப் பக்கம் நிக்கறாரு."

"நாங் கிட்ட வரக்கூடாதுன்னுட்டாங்க. இங்கயே நின்னுக்கறனுங்." குரலைத் தாழ்த்தி, ரகசியம் கேட்பதுபோல, "வாயத் தொறக்குதுங்களா?" என்றார்.

"தொறக்குதுங்ணா."

அவர் மூச்சை விட்டார். "எனக்கே சந்தேகமாப் போச்சுங். எங்கூட்டுக்காரி ராத்திரி கேக்கறா, நெசமாலுமே நீ என்னத்தையாச்சும் கலக்கி ஊத்துனயான்னு. இல்லடீன்னேன். சொல்லீட்டு யோசிக்கறேன், பக்கெட்டுல முன்னால என்ன இருந்துச்சோ, மருந்தடிச்ச பக்கெட்டோ என்னமோன்னு. மூணு நாளா அதக் கழுவிக் கழுவி மோந்து பாக்கறனுங்."

தன் கை செய்ததைத் தானே சந்தேகிக்கும்படி ஒரு மனிதரை ஆக்கியாயிற்று, நாற்பத்தோரு தாளில், அழகான கையெழுத்தில். ஐந்து ஐம்பத்திரண்டு. சொல்லிவிட வேண்டும். என்னவென்று? ஆறு மணி என்று போட்டதெல்லாம் ஆறு மணி இல்லை. அப்புறம் திலகவதி மேடம் கூப்பிடுவார். பழைய ஃபார்ம் என்று நான் சொன்னேனா, எப்போது சொன்னேன், கையெழுத்து யாருடையது? ஒரு ஆய்வகத்தில் தேதியும் நேரமும் தப்பாகக் கொடுத்தவள் என்று பெயர் வந்துவிட்டால் இன்னொரு ஆய்வகம் எடுக்குமா. தெருவில் எல்லோருக்கும் அப்பா சொல்லி வைத்திருக்கிறார், எம்பொண்ணு தண்ணி டாக்டரு. யோசனை அங்கே போய் முட்டி, திரும்பி, வேறு ஒரு இண்டுக்குள் நுழைந்தது. ஒருவேளை இப்போது எடுத்தால் பழுப்பாக வரலாம். குப்பியில் இரண்டு திரவம் விட்டுக் குலுக்கினால் தெரிந்துவிடும், தண்ணீரில் மூச்சு இருந்தால் பழுப்பாகத் திரிந்து இறங்கும், இல்லையென்றால் வெள்ளை. பழுப்பு வந்துவிட்டால் தாள் சரி, எண் சரி, அவள் சரி. வாய் திறப்பது வேறு எதற்காவது இருக்கும். பழுப்பு வரட்டும் என்று உள்ளுக்குள் யாரோ கையைக் கூப்பிக்கொண்டிருந்ததை அவள் கண்டுபிடித்தாள். அப்படியென்றால் இந்த மனிதர் விஷம் ஊற்றினார் என்று அர்த்தம். அப்படி இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறாள், அவர் பத்தடி தூரத்தில் நிற்கும்போதே. குளம் உச்சுக்கொட்டியது.

அந்தச் சத்தத்தை இன்றைக்கு இரண்டாம் தடவை கேட்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. காலை நாலு மணிக்கு எழுந்தபோது வீட்டில் விளக்குப் போடவில்லை. இருட்டில் என்னவோ திறந்து மூடுகிற மாதிரி கேட்டது, ஈரமான, சின்னச் சத்தம். அப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, கழுத்தை முன்னால் நீட்டி, வாயைத் திறந்துகொண்டு. தோள் ஏறி ஏறி இறங்கியது. அவள் நிற்பது தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டார். "எந்திரிச்சுட்டியா சாமி? இரு, வண்டியத் தொடைக்கறேன்." எத்தனை நாளாக இப்படி என்று அவள் கேட்கவில்லை. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டுக்குள் நுழையும்போது கேட்கிறாளே, மூச்சு எப்படிப்பா இருக்கு. நல்லாருக்கு கண்ணு. நேற்று நல்லாருக்கு. முந்தாநாள் நல்லாருக்கு. போன வருஷம் பூராவும் நல்லாருக்கு. அவள் எப்போதுமே தப்பான நேரத்தில்தான் கேட்டிருக்கிறாள். வண்டியில் வரும்போது அவர் முதுகில் காதை ஒட்டவைத்துக்கொண்டு வந்தாள், காற்றுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது வெளியே நிற்கிறார். வாயைத் திறந்துகொண்டு நிற்கிறாரோ, பார்க்க யாரும் இல்லாததால்.

ஐந்து ஐம்பத்தொன்பது. முள் நகர்வதைப் பார்த்தாள். ஆறு. குப்பியைச் சாய்த்து, குமிழி வராமல், தண்ணீர்ப் பரப்புக்குக் கீழேயே நிறையவிட்டு, கீழேயே மூடியைப் போட்டு எடுத்தாள். முதல் திரவம் இரண்டு மில்லி. இரண்டாம் திரவம் இரண்டு மில்லி. மூடி, தலைகீழாகக் கவிழ்த்து, நிமிர்த்தி, கவிழ்த்து, நிமிர்த்தினாள். உள்ளே மேகம் கிளம்பியது. அதை வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். வடித்த கஞ்சியைப் போல வெள்ளை. அதில் ஒரு சொட்டு டீ விழுந்திருந்தால்கூடத் தெரியும். தெரியவில்லை. இன்னும் ஒரு தடவை கவிழ்த்தாள், அது மனம் மாறுமா என்பதுபோல. வெள்ளையாகவே மெல்ல மெல்ல அடியில் இறங்கியது.

"என்னங் அம்மிணி?" என்றார் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"நீங்க பாத்ததுதானுங்ணா செரி."

பையிலிருந்து ஃபைலை எடுத்தாள். ஆய்வகத்துப் பிரதிகள், நாற்பத்தொன்று, பத்து மணிக் கூட்டத்துக்கு மேடம் எடுத்துவரச் சொன்னவை. முதல் தாளை முழங்காலில் வைத்து, 'காலை 6.00' என்ற அச்சின் மேல் பேனாவை வைத்தாள். ஒரு நொடி தாலுகா ஆபீஸ் மேஜை ஞாபகம் வந்தது. கோடு இழுத்தாள். முழங்காலின் மேல் வைத்து இழுத்ததால் தாள் லேசாகக் கிழிந்தது. பக்கத்தில் 'பிற்பகல் 2.40' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இரண்டாம் தாள். மூன்றாம் தாள். நான்காவதை எடுக்கும்போது தண்ணீர் தளும்பியது. வெள்ளையும் ஆரஞ்சுமாக ஒரு கெண்டை பக்கவாட்டில் சாய்ந்து, ஒற்றைக் கண் மேலே பார்க்க, வாயை மட்டும் விடாமல் அசைத்துக்கொண்டிருந்தது.

"பக்கெட் எங்கீங்ணா?"

"இங்கதானுங் இருக்குது. வேண்டாமுங் அம்மிணி, வாக்கிங் போறவங்க வர்ற நேரம். பாத்தாங்கன்னா..."

"குடுங்ணா."

வேலிக்கு மேலே கைமாறி வந்த வாளி சோப்பு மணந்தது, மூன்று நாள் கழுவிய சோப்பு. மொண்டாள், மார்புவரை தூக்கி, மேலிருந்து ஊற்றினாள். தண்ணீர் விழுந்து நுரைத்தது. மறுபடி மொண்டாள். சுடிதார் முழங்கால்வரை நனைந்துவிட்டது. ஏழோ எட்டோ வாளி ஆனபோது மேலே நடைபாதையில் கைத்தடியின் டக் டக் நின்றது. குரங்குக் குல்லாவுக்குள்ளிருந்து ராமபத்ரன் சாரின் குரல் வந்தது.

"யாரது? ஏம்மா, யாரு நீ? என்ன ஊத்தறே அதுக்குள்ள?"

"குளத்துத் தண்ணிங் சார்."

"குளத்துத் தண்ணியை மொண்டு குளத்துக்கேவா ஊத்தறே?"

"ஆமாங் சார்." அதே குரல்தான், அதே சொல்தான். வெள்ளிக்கிழமை அதோடு நிறுத்திக்கொண்டவள் இப்போது மேலே சொன்னாள். "நான் எழுதுனது ஆறு மணி இல்லீங் சார். மத்தியானம். ஆறு மணிக்கு இப்படித்தான் இருக்குது. இறங்கி வந்து இதுங்க வாயைப் பாருங் சார்."

அவர் இறங்குவாரா, சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுவாரா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தடி முதல் படியில் ஊன்றியது கேட்டது. வாளியைத் தூக்கி ஊற்றினாள், தண்ணீர் விழுகிற வரைக்கும் வேறெதுவும் கேட்கவில்லை. வாளி காலியானதும் அந்த உச்சுக்கொட்டல் மறுபடி கேட்டது. குனிந்து மறுபடி மொண்டாள்.